தரகரின் வால்

எங்கள் அத்தான் ஒட்டிக்கொடுத்த பீங்கான் கோப்பை ஒன்று அக்கா வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. உடைந்த கைப்பிடியை ஒட்டித் தரும்படி அக்கா கேட்டிருந்தாள். இவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒட்டினார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் கைப்பிடி தனியாகக் கையோடு வந்தது. பசை வழிந்து, கோப்பையும் அடியில் வைத்திருந்த தட்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. "ரெண்டும் எப்பவும் சேந்துதானே இருக்கப்போகுது" என்று சமாதானம் வேறு சொன்னார். இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கம்பெனியில் ஒட்டுவதற்காகவே சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நான் சேரும்வரை நானும் நம்பவில்லை.

நான் அவருடைய கொழுந்தியாள். அத்தானைக் கிண்டல் செய்வது கொழுந்தியாளின் பிறப்புரிமை. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. ஆனால் இது வெறும் கிண்டல் கதை இல்லை. அந்தச் சாது மனிதர் ஒருமுறை ஒரு குடும்பத்தையே பிரித்துவிடப் பார்த்தார். அதுவும் யார் குடும்பத்தை? தானே தேடிப்பிடித்துச் சேர்த்துவைத்த சொந்த மகளின் குடும்பத்தை.

முதலில் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் கம்பெனியில் ஆஸ்பத்திரிகளுக்கான சோதனைப் பட்டைகள் தயாராகின்றன. ஒரு சொட்டு ரத்தம் விட்டால், நோய் இருந்தால் பட்டையில் ஒரு கோடு ஒளிரும். அந்தக் கோட்டுக்குள் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஒன்று நோயின் அடையாளத்தைத் தேடிக் கவ்வும். இன்னொன்று ஒளிரும். தனித்தனியாக இருந்தால் இரண்டும் தண்டம். இரண்டையும் பிரியாதபடி இணைக்க வேண்டும். அதைத்தான் அத்தான் செய்கிறார், என்சைமை வைத்து.

பள்ளிக்கூடத்தில் நொதி என்று படித்தது எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. வயிற்றில் சாப்பாட்டைக் கரைக்கிற சமாசாரம். சேர்ந்த புதிதில் டீ நேரத்தில் அவரிடமே கேட்டேன். "ஏன் அத்தான், கரைக்கிறது எப்படி ஒட்டும்?"

அத்தானிடம் சௌக்கியமா என்று கேட்டால்கூட "ம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு டீயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாணத் தரகர்னு வெச்சுக்கோயேன்" என்றார். "பொண்ணு வீட்டுப் புரோட்டீனுக்கு நாமளே ஒரு வால் வெச்சிருக்கோம். அந்த வாலப் பாத்தாத்தான் தரகருக்கு அடையாளம் தெரியும். வந்து வால் நுனிய வெட்டுவாரு. வெட்டிட்டு அப்படியே விட்டுட மாட்டாரு. பொண்ணோட கைய அவரே புடிச்சுக்கிட்டு நிப்பாரு. மாப்பிள்ளைப் புரோட்டீன் கிட்ட வந்ததும் கையில புடிச்சுக் குடுத்துட்டு நகந்துடுவாரு. பிணைப்பு ஆயிடும். கொதிக்க வெச்சாலும் விடாது."

"மாப்பிள்ளை வர நேரமாச்சுன்னா?"

"சுத்தி எல்லாம் தண்ணிதானே. தண்ணி வந்து கைய வாங்கிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே கிடையாது. அதனாலதான் மாப்பிள்ளைங்கள நிறையவே போட்டு வெப்போம்."

"ஐயய்யோ, ஒரு பொண்ணுக்கு எத்தன மாப்பிள்ள அத்தான்!"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. முக்கியமான விஷயமே இனிமேல்தான் என்றார். கல்யாணம் முடிந்ததும் தரகரை உடனே வெளியே எடுத்துவிட வேண்டுமாம்.

"ஏன், சாப்பிட்டுட்டுப் போகட்டுமே?"

"அதான் ஆபத்து. ஒட்டின இடத்துலயும் அதே வால் அடையாளம் இருக்கும். தரகர் உள்ளயே சுத்திக்கிட்டிருந்தா, அட, இங்க ஒரு வால் இருக்கேன்னு மறுபடி வெட்டிடுவாரு. அவரு கெட்டவரு இல்ல. சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தரகருக்கும் தனியாக ஒரு வால் உண்டு. கண்ணாடிக் குழாய் ஒன்றில் குட்டிக் குட்டி மணிகளை நிரப்பி, கலவையை மேலிருந்து ஊற்றுவார்கள். மணிகள் தரகரின் வாலைப் பிடித்துக்கொள்ளும். புதுத் தம்பதி மட்டும் கீழே இறங்கிப் போகும். அத்தான் அந்தக் குழாயின் முன்னால் நின்று, சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து "போங்க, போங்க" என்று முணுமுணுப்பார். பேக்கிங் அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன். அன்றிலிருந்து அவருக்குத் தரகர் என்று பேர் வைத்தேன். பேர் எப்படியோ பரவி, கடைசியில் லேப் மேடம்கூட "தரகரக் கூப்பிடுங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒட்டுகிற வேலை அவருக்குப் புதிதல்ல. இளவயதில் செருப்புக் கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தவர். பசை நெடியில் தலைவலி வந்து, மாலைக் கல்லூரியில் வேதியியல் படித்து, லேபில் குப்பி கழுவ நுழைந்து, மெல்ல மெல்ல மேஜைக்கு வந்தார். அக்காவை முதன்முதலாகப் பார்க்க வந்தபோது இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏதாவது கேளுங்களேன் என்று பெரியவர்கள் நெருக்கியதும், "உங்க வீட்டுத் தண்ணி உப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மயங்கித்தான் கட்டிக்கொண்டேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். மயங்கினாளோ மலைத்தாளோ, யாருக்குத் தெரியும்?

ஒரே மகள். உலகத்தில் அத்தான் வாய் ஓயாமல் பேசியது அவள் ஒருத்தியிடம்தான். லேபில் என்ன நடந்தது, எந்தக் குப்பியில் நுரை வந்தது, மதியம் யார் யாரோடு சண்டை என்று அவளிடம் ஒப்பிக்காமல் தூங்கமாட்டார். அவளும் கேட்பாள். அக்காவும் நானும் "ஆரம்பிச்சாச்சுடி" என்று கண்ஜாடை காட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவோம்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இவரேதான். லேபில் குப்பிகளைச் சுற்றிவிடும் மிஷின் ஒன்று பழுதாகி, சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தார். பார்க்க லட்சணமாக, கொஞ்சம் முன்கோபியாக, வேலை முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டுப் போகிற ஆள். அந்தத் துடைப்பில் அத்தான் விழுந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மிஷின் ஏனோ அடிக்கடி பழுதானது. ஒருநாள் துணி துவைக்கும்போது அத்தான் பேண்ட் பையிலிருந்து ஒரு திருகாணி விழுந்தது. மறை கழன்றது மிஷினுக்கு மட்டும்தானா என்று அக்கா கேட்டாள். இவர் அடுத்த வாரமே மெக்கானிக்கை டீ குடிக்க வீட்டுக்குக் கூட்டிவந்தார். மகளுக்கும் பிடித்தது, அவருக்கும் பிடித்தது, கல்யாணமும் ஆனது. பிரமாதமான பொருத்தம். அதில் நான் குறையே சொல்லமாட்டேன்.

குறை எல்லாம் அதற்கப்புறம்தான். மகளும் மாப்பிள்ளையும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அத்தான் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அங்கே எட்டிப் பார்ப்பார். குழாய் சொட்டுகிறதா, கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா, மகள் சாப்பிட்டாளா, மாப்பிள்ளை கோபமாக இருக்கிறாரா. ஜன்னலுக்குப் பச்சைத் திரை போடுவதா நீலத் திரை போடுவதா என்று ஒருநாள் அவர்களுக்குள் சின்னப் பேச்சு. விட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். இவர் சிவபூஜையில் கரடி மாதிரி நுழைந்தார். மாப்பிள்ளையிடம் "அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே நீலம்தான் புடிக்கும்" என்றார். மகளிடம் "பாவம் மாப்பிள்ள, விட்டுக்குடேன்" என்றார். இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் அந்த ஜன்னலுக்குத் திரையே இல்லை.

"போகாதீங்க. உங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சேத்து வெச்சவன் பாத்துக்க வேணாமா?" என்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளைக்குத் தூரத்து நகரத்தில் பெரிய வேலை கிடைத்தது. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டிய ஊர். மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். போவதா, இருப்பதா என்று இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். நடுவில் இவர் நடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையிடம் போய், "அவளுக்கு இந்த ஊர விட்டு வர இஷ்டமில்ல போல" என்றார். மகளிடம் வந்து, "அவரு தனியாப் போகவும் தயார் போல" என்றார். இரண்டுமே அவராக நினைத்துக்கொண்டது. மனசுக்குள் மகள் போய்விடக் கூடாதே என்று இருந்த பயம் அப்படிப் பேச வைத்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் மறக்காமல் 'போல' சேர்த்துக்கொண்டார். கேட்டவர்கள் அந்தப் 'போல'வை வெட்டிப் போட்டுவிட்டு மீதியை மனதில் வைத்துக்கொண்டார்கள்.

வினை முற்றிவிட்டது. ஒரு வியாழக்கிழமை மகள் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை காலை ரயில். தனியாகப் போகிறார் என்று தெரிந்தது. அந்த ரயில் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் இந்தக் கல்யாணம் அதோடு சரி என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அக்கா அடுப்படியில் அழுதாள். எனக்கு அத்தான்மேல் வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையும் தட்டும் கையில் கிடைத்திருந்தால் சேர்த்தே உடைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை லேபில் பெரிய கலவை. காலையில் பெண், மாப்பிள்ளை, தரகர் எல்லோரையும் ஒரே பாட்டிலில் விட்டு, ஆடும் தட்டில் வைத்தார். மதியத்துக்குள் எடுத்து மணிக் குழாயில் ஊற்ற வேண்டும். அதற்குள் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியிருக்கிறது. "இதோ வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கையில் நீலக் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினார்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகு அவரே சொன்னார். மாப்பிள்ளை துணி அடுக்கிக்கொண்டிருந்தாராம். இவர் போய், "நீங்க வந்து கூப்பிட்டா அவ வருவா போல" என்றாராம்.

"போலன்னா? அவ சொன்னாளா மாமா?"

"சொல்லல..."

"அப்ப வரமாட்டா" என்று மாப்பிள்ளை பெட்டியை மூடிவிட்டார். இவர் அதற்குமேல் உட்கார்ந்து, மகளின் குணத்தை விளக்குகிறேன் பேர்வழி என்று பிடிவாதம், ரோஷம், சின்ன வயதில் பட்டினி கிடந்தது எல்லாவற்றையும் எடுத்துவைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. லேபுக்குத் திரும்பும்போது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. பாட்டில் அதே தட்டில், வெதுவெதுவென்று, ஆடிக்கொண்டே இருந்தது.

மணிகளில் ஊற்றினார். பிறகு ஜெல் ஓட்டிப் பார்த்தார்கள். ஜெல் என்பது கெட்டியான ஒரு ஏடு. புரதங்கள் அதில் எடைக்குத் தக்கபடி இறங்கி, கோடு கோடாக நிற்கும். கனமான தம்பதி மேலே, தனி ஆட்கள் கீழே. மேல் கோடு எப்போதும் தடிமனாக இருக்கும். அதுதான் அத்தானின் பெருமை. அன்றைக்கு மேலே கோடு இருந்த சுவடே சரியாகத் தெரியவில்லை. கீழேதான் எல்லாம் தனித்தனியாக நின்றன.

நான் பெட்டிகளை எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே போனேன். மேடம் ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோபிக்காமல்தான் கேட்டார்கள். "புரோட்டீன் மிச்சம் இருக்கு, திங்கக்கிழமை மறுபடி போட்டுக்கலாம். ஆனா உங்க கையில இப்படி ஆனதே இல்லையே. என்ன ஆச்சு?"

"தரகர் உள்ளயே இருந்துட்டாரு மேடம்" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். மேடம் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். கையுறை இன்னும் கையில் இருந்தது. எனக்கு ஒரு நல்ல கிண்டல் நாக்கு நுனியில் இருந்தது, அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தானே?" என்றார்.

என்னவென்று சொல்வது? "ஆமா அத்தான், நீங்கதான்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தாங்கவில்லை. பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு வந்து பேக்கிங் அறையில் அழுதேன்.

மறுநாள் காலை நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசலில் மாப்பிள்ளையின் குரல். கையில் மகளின் மூக்குக்கண்ணாடி. அவள் மறந்துவிட்டு வந்திருந்தாளாம், அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். கண்ணாடியை ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம், தெரியாதா எங்களுக்கு? மகள் முன்னறைக்கு வந்தாள். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தான் எழுந்தார். வாய் திறந்தது. அக்காவுக்கும் எனக்கும் உயிரே போய்விட்டது. ஆனால் அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு, விறுவிறுவென்று அடுப்படிக்கு வந்தார். சட்டையின் பின்பக்க நுனியை பேண்ட்டிலிருந்து உருவி அக்காவிடம் நீட்டினார்.

"இதப் புடிச்சுக்கோ."

"என்னது?"

"புடிச்சுக்கோன்னா புடிச்சுக்கோ. இல்லன்னா நான் உள்ள போயிடுவேன்."

அக்காவுக்கு மணியும் வாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் புருஷனைத் தெரியும். சட்டை நுனியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குக் கிளம்பினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

 முன்னறையில் மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "வர இஷ்டமில்லன்னு சொல்லிட்ட. அப்புறம் என்ன?"

"நானா சொன்னேன்? நீங்கதான் தனியாவே போறேன்னு சொன்னீங்களாம்."

"யாரு சொன்னா?"

"அப்பா. உங்ககிட்ட?"

"மாமாதான்."

அத்தான் துடித்துப்போனார். "நான் 'போல'ன்னுதான் சொன்னேன்!" என்று மூச்சுக்குள் கத்திக்கொண்டு ஒரு எட்டு வைத்தார். அக்கா இழுத்தாள். டர்ரென்று தையல் விட்டது. முன்னறையில் குரல் ஏறியது. திரையில் ஆரம்பித்து, எதெதற்கோ போய், யார் யாரை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதில் வந்து நின்றது. மகள் ஓவென்று அழுதாள். அந்த அழுகைக்கு, அவள் பிறந்ததிலிருந்து ஓடிப் பழகியவர் இவர். ஓட முடியாமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. துடைக்கவும் இல்லை. அக்காவும் அழுதாள், ஆனால் பிடியை விடவில்லை.

"நீங்க என்னக் கேக்கவே இல்லியே" என்று மகள் சொல்வது கேட்டது.

"இப்ப கேக்கறேன். வர்றியா?"

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள். டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

மகள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம், மற்ற சாமான்களை நாங்கள் அனுப்பி வைக்கலாம் என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். அத்தான் நிலைப்படியில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அக்கா நின்றாள். சட்டையைப் பிடித்திருந்த கையை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"அப்பா, நானும் போறேன்."

"சரிம்மா."

வேறு ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். 

"ஸ்டேஷன் வரைக்கும் வர்றீங்களா?"

"இல்லம்மா. லேப்ல வேலை இருக்கு."

சனிக்கிழமை லேப் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். அப்பாவை உற்றுப் பார்த்தாள், சட்டையின் தோளில் விட்டிருந்த தையலைப் பார்த்தாள், பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தாள். குனிந்து அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, மாப்பிள்ளை காத்திருந்த வண்டியில் ஏறினாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. "போங்க, போங்க" என்று அத்தான் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"போயிட்டாங்க" என்றாள் அக்கா. "விடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கோ" என்றார்.